அடுப்புக்கு எதிரே கிழக்கு

செப்டம்பர் 11, திங்கள்

உ

பால், முருங்கைக்கீரை ஒரு கட்டு, வத்திப்பெட்டி. சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் படியேறிய களைப்பில் மோர் கேட்டு வாங்கிக் குடித்தார். கணக்கு அவ்வளவுதான்.

மனசுதான் ஒரு நிலையில் இல்லை. சாயங்காலம் அம்மன் கோயிலுக்கு விளக்குப் போடப் போனேன். கோயில் மண்டபத்தில் நடக்கும் மாலைப் பள்ளியில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்த பெண், கல்யாணமாகி ஈரோட்டுக்குப் போய்விட்டதாம். குழந்தைகள் சும்மா உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் குழந்தைகள். உள்ளூர் பாதி, ஒரிசா பாதி.

செயலாளர் பழனிவேலு ஐயா விபூதித் தட்டோடு நின்றார். நான் நடத்துகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். எட்டாவதோடு நிறுத்தினார்கள், மகளுடைய புத்தகங்களுக்கு அட்டை போடும்போது அவற்றைப் படிக்க ஆரம்பித்தேன், அவள் கல்லூரிக்குப் போனபிறகு பத்தாவதும் பன்னிரண்டாவதும் தனித்தேர்வராக எழுதிப் பாஸ் செய்தேன் என்று சொன்னேன்.

ஒரு நாள் நடத்திக் காட்டச் சொல்லியிருக்கிறார். 27-ஆம் தேதி புதன்கிழமை, ஐந்து மணி. தலைப்பு: புவியியல் என்றால் என்ன. பிடித்திருந்தால் எனக்கே வகுப்பு. இல்லாவிட்டால் வெளியில் ஆள் பார்ப்பார்.

தாயே, அந்த வகுப்பு எனக்கு வேண்டும். இதுவரை உன்னிடம் மற்றவர்களுக்காகத்தான் கேட்டிருக்கிறேன். கணக்குப் பார்த்துக்கொள்.

செப்டம்பர் 13, புதன்

மகளின் பழைய புத்தகங்களையும் நூலகத்தில் எடுத்த ஒன்றையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். துவரம்பருப்பு அடிப்பிடித்துவிட்டது. பரவாயில்லை.

நாங்கள் பள்ளியில் பூகோளம் என்றுதான் சொல்வோம். பூமி ஒரு பந்து, அதைப் பற்றிய பாடம். இப்போது புவியியல் என்கிறார்கள். பூமியைப் பற்றிய அறிவு. ஆனால் ஜியாகிரபி என்ற சொல் கிரேக்கர்களுடையது. அதில் முன்பாதி பூமி, பின்பாதி எழுதுவது. வரைவது என்றும் கொள்ளலாமாம். பூமியை எழுதுவது! அடுப்பை அணைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன்.

இந்தச் சொல்லை முதலில் புழங்கியவர், இரண்டாயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன் எகிப்தில் ஒரு பெரிய நூலகத்தைக் கவனித்துக்கொண்டிருந்த கிரேக்கர் என்று சொல்கிறார்கள். அவர் பெயரை எழுதினால் ஒரு வரி போய்விடும், எனக்கு வாயிலும் நுழையவில்லை. ஓர் ஊரில் உச்சிவேளையில் சூரியன் கிணற்றின் அடிவரை தெரிந்ததாம், நிழலே இல்லையாம். அதே நேரம் இன்னோர் ஊரில் குச்சிக்கு நிழல் இருந்ததாம். அந்த நிழலை வைத்தே பூமியின் சுற்றளவைக் கணக்குப் போட்டிருக்கிறார். என்ன மனுஷன்! வீட்டுக்காரி கணக்குத்தான் பெரிய கணக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நானும் எழுதப் போகிறேன். எங்கள் வீதிகளை ஒரு பெரிய சார்ட்டில் வரைந்து எடுத்துப் போவேன். குழந்தைகளுக்குத் தெரிந்த பூமி அதுதானே.

அவர் கம்பெனியிலிருந்து வந்ததும் சொன்னேன். என் வீட்டுக்காரர் சென்னியப்பன் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். ஊசி முனை ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவார். திசையெல்லாம் போட்டு வரைபடமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டார்.

"பூகோளந்தானா? வரலாறு நடத்துலாமே, அம்மிணி. ராசா கதையெல்லாம் நீ நல்லாச் சொல்லுவியே."

சர்க்கரை ஏறியிருக்கும் போலிருக்கிறது. நாளை வெந்தயம் ஊறப் போட வேண்டும்.

செப்டம்பர் 15, வெள்ளி

எதிர் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டார்கள். தாராபுரத்துக்காரர்கள். ஜைத்தூன் என்று ஓர் அக்கா, அறுபது வயதிருக்கும், அவருடைய மகன். மகனுக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. சாமான் இறக்கி வைத்த கையோடு ஷிப்மெண்ட் என்று கொச்சிக்குப் போய்விட்டான்.

அக்கா வந்து கதவைத் தட்டி முதலில் கேட்டது தண்ணீர் எப்போது வரும் என்று. அடுத்தது மேற்கு எந்தப் பக்கம் என்று. தொழுவதற்குக் கிப்லாத் திசையைப் பார்த்துப் பாய் விரிக்க வேண்டும், இந்தக் கட்டடத்தில் வெயில் எங்கே வருகிறது என்றே தெரியவில்லை என்றார். உண்மைதான். மூன்று பக்கமும் கம்பெனிச் சுவர். வெயிலையெல்லாம் அதுவே வாங்கிக்கொள்ளும். மொட்டை மாடியையும் வீட்டு ஓனர் பூட்டித்தான் வைத்திருக்கிறார்.

பூகோளம் நடத்தப் போகிறவளிடம் வந்து கேட்டிருக்கிறார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சமையலறைக்குக் கூட்டிப் போய், அடுப்புக்கு நேர் எதிரே கிழக்கு, முதுகுப் பக்கம் மேற்கு என்று நின்று காட்டினேன். கிழக்குப் பார்த்த அடுப்பு என்பதால்தான் இந்த வீட்டுக்கே குடி வந்தோம் என்றும் சொன்னேன். பதினோரு வருடமாக அந்தப் பக்கம் பார்த்துத்தான் சமைக்கிறேன், அடுப்புக்கு மேலே இருக்கும் சாமி அலமாரிக்கும் அப்படி நின்றுதான் விளக்கேற்றுகிறேன்.

அக்கா என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். வீட்டுக்காரர் அப்போது கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இருமல் வந்து, வெகுநேரம் நிற்கவில்லை.

செப்டம்பர் 16, சனி

வெந்தயம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சரியாகச் சாப்பிட மாட்டேனென்கிறார்.

செப்டம்பர் 18, திங்கள்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை பூரணம் நன்றாக அமைந்தது. ஜைத்தூனக்காவுக்கென்று தனியாக ஒரு ஈடு வேகவைத்து, சாமிக்குப் படைக்காமல் எடுத்துப் போனேன். அக்கா அதைக் கேட்காமலே புரிந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். பாத்திரம் திரும்பி வந்தபோது அதில் பேரீச்சம்பழம்.

அக்கா பாய் விரித்திருப்பதைப் பார்த்தேன். நான் காட்டிய திசைக்கு ஒரு நூல் பிசகாமல் விரித்திருக்கிறார். திருப்தியாக இருந்தது.

செப்டம்பர் 20, புதன்

வரைபடம் முடிந்தது. எல்லா வீதியையும் நடந்து நடந்து பார்த்து வரைந்தேன். மாவு மில், டயர் கடை, சாயப்பட்டறைச் சந்து, குழாயடி, மூன்று பேக்கரி. ஒரே வீதிக்கு எதற்கு மூன்று பேக்கரி என்று வரையும்போதுதான் தோன்றியது. வீட்டை நடுவில் வைத்து, அடுப்பை வைத்துத் திசை குறித்தேன். கோயில் வடக்குப் பார்த்து அமைந்தது. அம்மன் கோயில்கள் வடக்குப் பார்த்திருப்பது வழக்கந்தானே. எல்லாம் பொருந்தி வந்தது.

ஒன்றே ஒன்றுதான் உறுத்தல். காலையில் பால் வாங்கப் போகும்போது டயர் கடைப் பக்கம் வெயில் அடிக்கிறது. படத்தின்படி அது வடக்கு. சூரியன் உத்தராயணத்தில் வடக்கேயும் தட்சிணாயனத்தில் தெற்கேயும் நகரும் என்று படித்திருக்கிறேன். வடக்கே கொஞ்சம் அதிகமாகவே ஒதுங்கியிருக்கிறது என்று வைத்துக்கொண்டேன்.

அவரிடம் படத்தை விரித்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். அம்புக்குறி மேலேயே கண் நின்றது. துணியில் ஓட்டையைக் கண்டுபிடித்த முகம். என்னங்க, தப்பிருக்கிறதா என்று கேட்டேன். எழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். காலையில்தான் குளித்திருந்தார்.

செப்டம்பர் 22, வெள்ளி

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்கு ஜைத்தூனக்காவின் மகன் கொச்சியிலிருந்து வந்தான். கொஞ்ச நேரத்தில் அக்கா என் வாசலில் வந்து நின்றார். கையில் அவனுடைய போன். அதில் காம்பஸ். கோபமாக இல்லை, ஆனால் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாத முகம். நான் காட்டிய பக்கம் மேற்கே இல்லையாம், வடக்காம். ஒரு வாரமாக வடக்கே பார்த்துத் தொழுதிருக்கிறார்.

போன் தப்புச் சொல்லும் என்றேன். சமையலறையில் வைத்துப் பார்த்தோம். என் அடுப்புக்கு எதிரே தெற்கு என்று காட்டியது. கேஸ் அடுப்பு இரும்பு, அதனால் முள் இழுக்கிறது என்றேன். கூடத்தில் வைத்தோம். அப்போதும் அதே.

காவல்காரரைக் கெஞ்சி மொட்டை மாடிச் சாவி வாங்கினேன். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அங்கே ஏறினேன். உடைந்த பூந்தொட்டியில் துடைப்பக்குச்சியை நேராக நட்டு, நிழலின் நுனியில் கரியால் ஒரு புள்ளி வைத்தேன். இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்றோம். நிழல் நகர்ந்தபிறகு இரண்டாவது புள்ளி. முதல் புள்ளி மேற்கு, இரண்டாவது கிழக்கு, இரண்டையும் சேர்த்தால் கிழமேல் கோடு. புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. கோட்டைப் போட்டேன். அது நேராக டயர் கடையைக் காட்டிக்கொண்டு போனது.

என் அடுப்பு தெற்குப் பார்த்திருக்கிறது. எமன் திசை. பதினோரு வருடம் நான் அப்படி நின்று விளக்கேற்றியிருக்கிறேன். அதைவிட, தேடி வந்து கேட்ட மனுஷியின் தொழுகையையும் கெடுத்துவிட்டேன். அக்காவின் காலில் விழப் போனேன். அவர் தடுத்து, என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"தெரியாத எடத்துல நல்லா வெசாரிச்சுட்டுத் தொழுதா அது கூடிரும், வசந்தா. நா வெசாரிச்சேன்ல? ஒங்கிட்டத்தான வெசாரிச்சேன். மனசுல நெனச்ச நெய்யத்து சரியா இருந்துச்சு, அவ்ளோதான்." தம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "ஆனா இனிமே வழி கேக்கறதுன்னா வேற ஆளத்தான் கேப்பேன்" என்றார்.

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

செப்டம்பர் 23, சனி

புரட்டாசி முதல் சனி. பெருமாளுக்கு மாவிளக்கு. எந்தத் திசையில் வைப்பது என்று தட்டோடு நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தேன். கூடத்தின் நடுவில் வைத்துவிட்டேன்.

அவர் நேற்றே ஒத்துக்கொண்டார். நான் கேட்கக்கூட இல்லை. கம்பெனியிலிருந்து வந்து, கரி படிந்த என் விரலைப் பார்த்தார், மாடிச் சாவியைப் பார்த்தார், செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தன வீடு பாத்தோம், அம்மிணி. எல்லாத்துலயும் அடுப்பு ஒவ்வொரு பக்கம் பாத்துச்சு. நமக்குத் தோதான வாடகைக்கு இது ஒண்ணுதான் மிச்சம். நீ அங்க நின்னு, கெழக்குத்தானுங்களேன்னு கேட்ட. ஆமான்னு வாயில வந்துருச்சு. வந்தத எப்படித் திரும்ப வாங்கறது?"

"பதனோரு வருசமாங்க?"

"மொத வருசமே சொல்லிரலாம்னு பாத்தேன். நீ அன்னைக்குத்தான் மாக்கோலம் போட்டு அடுப்புக்குப் பொட்டு வெச்சுட்டிருந்த. அடுத்த வருசம் பாப்பா பரீட்ச. அதுக்கடுத்த வருசம் தைரியமே போயிருச்சு."

அப்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. பொங்கலுக்குப் பானை வைக்க எப்போதும் ஊருக்கே கூட்டிப் போனது. மகள் காம்பஸ் பெட்டி கேட்டபோது மூடியில் திசை காட்டும் முள் உள்ளது வேண்டாம் என்றது. மாடிச் சாவி கேட்டால் ஓனர் கோபக்காரர் என்றது. ஓனர் பசு மாதிரி மனுஷர். ஒரு பொய்யைக் காப்பாற்ற இந்த மனுஷர் பட்ட பாட்டை நினைத்தால் எனக்குக் கோபம் முழுசாக வரவில்லை. இருந்தாலும் வந்த வரைக்கும் காட்டினேன். சாப்பாடு போடும்போது, "தெக்காமப் பாத்து உக்காருங்க, பழகட்டும்" என்றேன். தட்டோடு திரும்பி உட்கார்ந்தார்.

செப்டம்பர் 24, ஞாயிறு

பழனிவேலு ஐயாவிடம் சொல்லி விலகிக்கொள்ளலாமா என்று காலை முழுவதும் யோசனை. சொந்த அடுப்பின் திசை தெரியாதவள் அடுத்த வீட்டுக் குழந்தைகளுக்கு என்ன சொல்லித் தருவது?

வீட்டுக்காரர் வகுப்பை விடாதே என்று மூன்று தடவை சொன்னார். குற்ற உணர்ச்சியில் சொல்கிறாரோ என்னவோ.

சாமி அலமாரியைத் துடைத்தபோது தட்சிணாமூர்த்தி படம் கைக்கு வந்தது. கல்லாலின் கீழே உட்கார்ந்து நான்கு பேருக்குப் பாடம் சொல்கிறவர். எந்தக் கோயிலிலும் அவர் தெற்குப் பார்த்துத்தான் இருப்பார். குருவே தெற்குப் பார்த்திருக்கும்போது நான் அதே பக்கம் பார்த்து நின்றதில் என்ன குறைந்துவிட்டது? மகளுக்கு நல்ல இடம் அமைந்ததும், அவருக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்ததும், நான் இரண்டு பரீட்சை எழுதியதும் இந்தப் பதினோரு வருடத்துக்குள்தான். விளக்கு கணக்கில் சேர்ந்துதான் இருக்கிறது.

அந்தக் கிரேக்கர் புத்தகத்தை மட்டும் பார்த்து எழுதியிருந்தால் நிழலை அளக்கப் போயிருக்க மாட்டார். நான் பார்க்காமலே எழுதிவிட்டேன். போய்ப் பார்த்தபிறகு தெரிந்துவிட்டது. வகுப்புக்குப் போகிறேன்.

செப்டம்பர் 26, செவ்வாய்

புது சார்ட் வாங்கவில்லை. பழையதைக் கால் திருப்பு வலப்பக்கம் திருப்பினேன், அவ்வளவுதான். வீதிகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன, அம்புக்குறிதான் தப்பு.

செப்டம்பர் 27, புதன்

தாயே, கை ஓடவில்லை. ஆனாலும் முழுசாக எழுதியே தூங்குவேன்.

வெந்தயக் கலர்ப் புடவை கட்டிக்கொண்டு போனேன். ஜைத்தூனக்கா அஸர் என்கிற பிற்பகல் தொழுகையை முடித்துவிட்டு வாசல் வரை வந்து, எனக்காகவும் வேண்டித் துஆ செய்ததாகச் சொன்னார். "சரியான பக்கம் பாத்துத்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

மண்டபத்தில் முப்பது குழந்தைகள் இருக்கும். பழனிவேலு ஐயா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சார்ட்டை மாட்டினேன். எழுத்தெல்லாம் படுத்துக் கிடந்தது. ஏன் படம் சாய்ந்திருக்கிறது என்று அவர் கேட்டார். மனப்பாடம் செய்திருந்த முன்னுரை ஒரு வார்த்தையும் வரவில்லை.

வராததால் நடந்ததைச் சொன்னேன். அடுப்பின் கதையை. வீட்டுக்காரர் பெயரை மட்டும் விட்டுவிட்டேன், அதுவரைக்கும் மரியாதை. குழந்தைகள் சிரித்த சிரிப்பில் மண்டபத்துப் புறாக்கள் பறந்தன. ஐயா சிரிக்கவில்லை. புத்தகத்தில் இருப்பதை நடத்தினால் போதும் என்றார்.

அதற்குத்தான் வருகிறேன் ஐயா என்று சொல்லி, பூகோளம், புவியியல், ஜியாகிரபி மூன்றையும் பலகையில் எழுதினேன். பந்து என்று ஒருத்தர் பார்த்தார், படிப்பு என்று ஒருத்தர் பார்த்தார், எழுதுவது என்று கிரேக்கர் பார்த்தார். மூன்றும் சரிதான், ஆனால் எழுத வேண்டுமானால் முதலில் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும், வாங்க என்று எல்லாரையும் முற்றத்துக்குக் கூட்டிப் போனேன்.

சாய்ந்த வெயில். கோயில் விமானத்தின் நிழல் அம்மனுக்கு முன்னே முற்றத்தைத் தாண்டி வீதிவரை நீண்டு கிடந்தது. சூரியன் மேற்கே என்றால் நிழல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். சுனிதா என்ற ஒரிசாப் பெண் குழந்தை அவள் பாஷையில் "பூர்ப" என்றாள். மற்றவர்கள் கிழக்கு என்று கத்தினார்கள். அப்படியானால் நம் அம்மன் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறாள்? எனக்கே அப்போது சிலிர்த்தது. இத்தனை வருடம் என் தாய்க்கு நான் தப்பான திசையை வைத்திருந்தேன். அவள் பாட்டுக்குக் கிழக்குப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

பிறகு ஆளுக்கொரு சாக்பீஸ் கொடுத்து, கோயிலிலிருந்து அவரவர் வீட்டுக்குப் போகும் வழியை முற்றத்துக் கல்லில் எழுதச் சொன்னேன். நான் வரையாத சந்தெல்லாம் வந்தது. நாய் துரத்தும் மூலை வந்தது. சுனிதா கம்பெனி விடுதியை வரைந்து, அதிலிருந்து ஒரு ரயில் தண்டவாளத்தை இழுத்துக்கொண்டே கொடிமரம் வரை போய்விட்டாள். அவள் வீடு ஒரிசாவில் அல்லவா இருக்கிறது! யார் கோட்டின்மேலும் ஏறாமல் சுற்றிச் சுற்றிப் போனாள்.

ஐயா எழுந்து வந்தார். கோயில் முற்றத்தைச் சாக்பீஸால் கிறுக்குவதா என்று கேட்கத்தான் வந்தார், முகம் அப்படித்தான் இருந்தது. நடுவில் நின்று குனிந்து பார்த்தார்.

"ஏனுங்கம்மா, இந்தப் பேக்கரி சந்துல எங்கூடு எங்கீங்?"

யாருமே போடவில்லை. ஐயா வேட்டியை மடித்துக் கட்டி, சுனிதாவிடம் சாக்பீஸை வாங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். வீடு, கேட், கேட்டுக்கு முன்னால் வேப்பமரம், மரத்தடியில் ஸ்கூட்டர். ஸ்கூட்டருக்குக் கண்ணாடிகூட வைத்தார். தீபாராதனை மணி அடித்துத்தான் எழுந்தார்.

போகும்போது, "திங்கக்கெழமையிலிருந்து வந்துருங்க, டீச்சர்" என்றார்.

வீட்டுக்காரர் கோயில் வாசலில் எனக்காக நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் நேராகப் பூக்காரியிடம் போய் மல்லிகை வாங்கினார். இரண்டு முழம். செலவில் எழுத வேண்டாம் என்றார். எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 30, சனி

அடுப்பைப் பக்கவாட்டு மேடைக்கு மாற்றித் தருகிறேன் என்று அவர் ஸ்பானரோடு நின்றார். ஆள் வைத்து டியூப்பெல்லாம் நீட்ட வேண்டும். நான் வேண்டாம் என்றேன். தட்சிணாமூர்த்தியைப் பற்றிச் சொன்னேன். அப்படியானால் இனிமேல் சாப்பிடும்போது நான் கிழக்கே திரும்பிக்கொள்ளலாமா என்று கேட்டார். இந்த வாரம் போகட்டும் என்றேன்.

அக்டோபர் 1, ஞாயிறு

மத்தியானம் பிடித்த மழை விடவே இல்லை. துணி காயவில்லை. சாயப்பட்டறைச் சந்தில் முழங்கால் தண்ணீர்.

அக்டோபர் 2, திங்கள்

முதல் வகுப்பு.

நான் போவதற்குள் குழந்தைகள் முற்றத்து ஓரத்தில் வரிசையாக நின்றிருந்தார்கள். கல் கழுவித் துடைத்தமாதிரி இருந்தது. ஒரு கோடுகூட மிச்சமில்லை. சுனிதாவின் கண் நிறைந்திருந்தது.

"எல்லாம் போச்சு டீச்சர். என் ஊர் போச்சு."

குனிந்து கல்லைத் தடவினேன். பிறகு பார்த்தேன், கல்லில் அங்கங்கே மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. கொடிமரத்தடியில் ஒரு பெரிய குட்டை, நீளவாக்கில். அதைக் காட்டி, உன் ஊருக்குப் போகிற வழியில் ஆறு இருக்கிறதா என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருக்கிறது, பெரிசு, ரயில் அதன்மேல் வெகுநேரம் போகும் என்றாள்.

போன தடவை அவள் ஆற்றையே விட்டிருந்தாள். சாக்பீஸ் பெட்டியைத் திறந்து அவளிடம் முதலில் நீட்டினேன். குட்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தண்டவாளம் போட்டுவிட்டு, நடுவில் எப்படிப் போவது என்று என்னை அண்ணாந்து பார்த்தாள். பாலம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, நான் அந்தப் பக்கம் போனதில்லை என்று சொன்னேன். உடனே அவள் எழுந்து நின்று, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, எங்கள் எல்லாருக்கும் விளக்க ஆரம்பித்தாள்.